கீழ்நோக்கிப் போன புகை

சமச்சீரான படத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடது பக்கம் ஒரு சுழல், வலது பக்கம் அதே அளவில் இன்னொரு சுழல், நடுவில் சிவப்பு, ஓரங்களில் நீலம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிப்போன படம். என் மடிக்கணினியிலும் அதுதான் வந்தது. என் மேற்பார்வையாளர் காணொளி அழைப்பில் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"வடிவாய் வந்திருக்கு, பிள்ளை. நீர் இனி எழுதத் தொடங்கலாம்."

"சேர், இது பொய்ப் படம்."

"என்ன பொய்? முந்தின ஆக்களின்ர விடையோட அச்சொட்டாப் பொருந்துது."

"அவங்கட விடையோட பொருந்துது. எங்கட தாத்தாட தேங்காயோட பொருந்தல்ல."

தாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி. கிழவன் யாரையும் தேட வேண்டாம். மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகும் அவர் தேங்காயின் பக்கம் வரவில்லை. கட்டுரைகளின் பக்கமே நின்றார்.

நான் புத்தளத்தில் தொழினுட்பப் பாடம் படிப்பிக்கும் ஆசிரியை. மேற்படிப்புக்கு எடுத்த தலைப்பைச் சொன்னால் கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்: துளையுள்ள பொருட்களுக்குள் இயற்கை மேற்காவுகையால் நடக்கும் வெப்ப இடமாற்றம், அதற்கு ஒரு எண்முறை மாதிரி. பயப்பட ஒன்றும் இல்லை. இடைவெளி உள்ள எந்தக் குவியலையும் எடுங்கள். வெங்காயம், மணல், பஞ்சு, தேங்காய். கீழே சூடு வைத்தால் இடைவெளிகளுக்குள் இருக்கும் காற்று பாரம் குறைந்து தானாக மேலே போகும். விசிறி தேவையில்லை. போன காற்றின் இடத்துக்கு வேறு காற்று வந்தே ஆகவேண்டும். அது எந்த வழியால் வருகிறது, வரும் வழியில் எதைச் சூடாக்குகிறது, எதைக் குளிராக்குகிறது? கேள்வி அவ்வளவுதான். பதிலுக்கு, குவியலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு ஈரம், ஒரு காற்று வேகம். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு வாங்கியது என்று கணினி கணக்குப் பார்க்கும். கணக்கு நேராகும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கும். எனக்கு இந்த வேலையில் பைத்தியம். வெறும் எண்களுக்குள்ளிருந்து காற்று அசையத் தொடங்கும் நேரத்தில் எனக்குச் சோறு வேண்டாம், ஆள் வேண்டாம்.

என்னுடைய குவியல் மாம்புரியில் இருக்கிறது. தாத்தாவின் கொப்பராச் சூளை, தேங்காயைச் சூட்டில் காயவைக்கும் இடம். நீளமான செங்கல் கட்டடம், கிடுகுக் கூரை. உள்ளே ஆள் உயரத்துக்கும் மேலே கமுகஞ் சட்டங்கள் அடித்த பரண். பரணில் பிளந்த தேங்காய்ப் பாதிகளை அடுக்கடுக்காகப் பரப்புவார்கள். கீழே குழியில் தேங்காய்ச் சிரட்டை நெருப்பு. அவள் கணவர், எங்கள் மச்சான், மௌத்தாகிக் கண்மூடிய பிறகு தாத்தாவே இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அதை நடத்துகிறாள். நல்லாகத்தான் நடத்தினாள், கடலிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலம் தொடங்கும் வரைக்கும். அதன் பிறகு எரித்த சூளையில் பாதித் தேங்காய் வழுவழுத்து, மஞ்சளாய்ப் பூஞ்சணம் பிடித்தது. எண்ணெய் மில்காரர் லொறியோடு வந்து ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். நல்ல கொப்பரா வளையாது, உடையும். இது வளைந்தது. லொறி வெறுமையாகப் போனது. அடுத்த தரம் எரித்த சூளையிலும் அதே கதை.

எங்கள் நானா, அதாவது அண்ணன், அதற்குத்தான் காத்திருந்தார். காணி எங்கள் எல்லோருக்கும் பொதுவான குடும்பக் காணி, மூத்தவர் அவர். கடற்கரையில் பட்டம் பிடித்து அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரருக்குக் குடில் கட்டுகிற ஒரு கூட்டம் அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு சூளைக் கொப்பரா விலைப்படாட்டி உடைக்கிறதுதான்," என்றார் நானா. "செங்கல்ல நான் மதிலுக்கு எடுக்கிறன்."

"என்னயும் மதிலுக்குள்ள வச்சுக் கட்டுங்க," என்றாள் தாத்தா.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அவளுக்கு அந்தச் சூளையை விட வேறு ஒன்றும் இல்லை. மகள்மார் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். சூளை போனால் நானா வீட்டுக் குசினியில் ஒரு மூலையில் இருந்து வெங்காயம் உரிப்பதுதான் மிச்சம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

இப்போது அந்தச் சமச்சீர்ப் படத்துக்கு வருகிறேன். உலகத்தில் இந்தக் கணக்கைப் போட்ட முக்கால்வாசிப் பேர் குவியலின் அடியை ஒரே சீரான வெப்பநிலையில் வைக்கிறார்கள்; இப்படி ஓரத்துக்குப் போடும் கட்டுப்பாட்டுக்கு எல்லை நிபந்தனை என்று பெயர். கீழே முழுக்கச் சூடு, மேலே முழுக்கக் குளிர். கணக்கு இலேசு, படம் அழகு, போன முறை போட்டவனின் விடையோடு ஒப்பிடலாம். சில பேர் குவியலை நடுவில் வெட்டி ஒரு பாதியை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, மற்றப் பாதி கண்ணாடியில் தெரிவது மாதிரி என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

எங்கள் சூளையில் நெருப்பு அப்படி இல்லை. சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சங்கிலி மாதிரி வரிசை வரிசையாகக் குழியின் நீளத்துக்கு வைப்பார்கள். ஒரு முனையில்தான் பற்றவைப்பார்கள். நெருப்பு ஒரு சிரட்டையிலிருந்து அடுத்த சிரட்டைக்கு மெதுவாக நகர்ந்து போகும். புகை இல்லை, ஆள் காவல் வேண்டாம். இந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான் எரிக்கிறார்கள். சூளைக்கு அடியில் நெருப்பு நடக்கிறது. அப்படியிருக்க என் கணக்கில் மட்டும் ஏன் அது சப்பாணி மாதிரிக் குந்திக்கொண்டிருக்க வேண்டும்?

இதைத்தான் மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"நடக்கிற நெருப்பெண்டால் ஒப்பிட ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றார். "பரீட்சகர் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"மாம்புரிக்கு வந்து பாக்கச் சொல்லுவன்."

"உம்மட வாய்க்கு ஒரு எல்லை நிபந்தனை போடவேணும்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு அழைப்பை வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

கீழ் எல்லையில் ஒரு சூடான துண்டை மட்டும் வைத்து அதைத் தெற்கிலிருந்து வடக்கே மெதுவாக நகர்த்தினேன். கூரையையும் உள்ளே சேர்த்தேன். குழிக்குக் காற்றுவிடும் ஓட்டைகளையும் சேர்த்தேன். கச்சான் அடிக்கும்போது தாத்தா கடல் பக்கம், நிலப் பக்கம் இரண்டிலும் ஓட்டைகளைச் சாக்கும் மண்ணும் வைத்து அடைப்பாள். அடைக்காவிட்டால் நெருப்பு பாய்ந்து ஓடித் தேங்காயைக் கருக்கிவிடும். ஆகவே கணக்கிலும் அடைத்தேன். கணினி வெடித்தது. வெடித்தது என்றால் எண்கள் தறிகெட்டுப் போய்விட்டன. கணக்கு ஒரு தரத்தில் தாண்டும் நேர அடியைக் குறைத்தேன். திரும்பவும் வெடித்தது. கட்டங்களைப் பொடியாக்கினேன். வாயில் வந்ததையெல்லாம் ஏசினேன். பக்கத்து அறையில் படிப்பிக்கும் சக ஆசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கணக்கு ஓடியது. ஓடி முடிந்து அம்புக்குறிகள் திரையில் விழுந்தன. நெருப்புக்கு மேலே இருந்த அம்புகள் எல்லாம் மேல்நோக்கி நின்றன. சரி. வடக்குக் கோடியில் நெருப்பு இன்னும் போகாத இடத்தில் அம்புகள் கீழ்நோக்கி நின்றன.

கீழே! காற்று தேங்காய்களுக்குள்ளால் கீழே இறங்குகிறது!

முதலில் நம்பவில்லை. புவியீர்ப்புக்குப் போட்ட கூட்டல்-கழித்தல் குறி தலைகீழாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தரமாவது அந்தப் பிழையை விட்டிருப்பார்கள். தேடினேன். குறி சரி. கட்டங்களை இன்னும் சின்னதாக்கினேன். அம்புகள் இன்னும் கூர்மையாகக் கீழே நின்றன. பிறகுதான் என் மண்டைக்குள் ஏறியது. சூட்டுக் காற்று தெற்கில் ஏறுகிறது. அதன் இடத்துக்குக் காற்று வரவேண்டும். கீழ் ஓட்டைகள் அடைத்துக் கிடக்கின்றன. வேறு வழி? பரண்தான் வழி. குளிர்ந்த பக்கத்துத் தேங்காய்களுக்கு நடுவால் மேலிருந்து காற்று உள்ளே இறங்குகிறது. இறங்குவது என்ன காற்று? தெற்குப் பக்கத்துத் தேங்காயின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, கூரையில் முட்டித் திரும்பிய காற்று. அது குளிர்ந்த தேங்காயில் பட்டதும் ஈரத்தை அங்கே இறக்கிவைக்கிறது. தாத்தா ஒரு கோடியைக் காயவைத்து, அந்தத் தண்ணீரை மற்றக் கோடியில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்!

நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். இருந்தேன். திரும்பவும் எழுந்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை. மேற்பார்வையாளருக்குப் படத்தை அனுப்பினேன். "குறியைப் பாரும்" என்று பதில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கைப்பேசியை எறிந்திருப்பேன், தவணைக் காசு இன்னும் முடியவில்லை.

அடுத்த நாள் கடையில் ஒரு பெட்டி ஊதுபத்தி வாங்கிக்கொண்டு மாம்புரி வழியாகப் போகும் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன்.

தாத்தா புதுத் தேங்காய் ஏற்றி நெருப்பு வைத்திருந்தாள். நானா எச்சரித்துவிட்டுப் போன பிறகு ஏற்றிய சூளை அது. தெற்குக் கோடியில் நெருப்பு நாலைந்து சிரட்டை தூரம் நடந்திருந்தது. நான் ஏணியில் ஏறி வடக்குக் கோடிப் பரணுக்குப் போனேன்.

"எங்க ஏறுற?" என்றாள் தாத்தா கீழே இருந்து. "ஊதுபத்தி என்னத்துக்கு? சூளைக்குப் பாத்திஹா ஓதப் போறியா?"

"சும்மா இரிங்க."

ஊதுபத்தியைக் கொளுத்தித் தேங்காய்களுக்குக் கிட்டப் பிடித்தேன். புகை நேராக மேலே எழுந்தது. குறிதான் பிழை என்று நினைத்தேன். பிறகு அந்தப் புகை தயங்கியது. வளைந்தது. வளைந்து தலையைக் கீழே போட்டு, இரண்டு தேங்காய்ப் பாதிகளுக்கு நடுவில் நூல் மாதிரி உள்ளே போய்விட்டது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

"பாம்பா?" தாத்தா தடியோடு ஏணியில் ஏறி வந்தாள்.

"பாம்பில்ல! பாருங்க! பாருங்க இத!"

அவள் பார்த்தாள். ஊதுபத்தியை என் கையிலிருந்து பறித்து வேறு இடத்தில் பிடித்தாள். அங்கேயும் புகை உள்ளே இறங்கியது. இன்னொரு இடம். அங்கேயும். தெற்குப் பக்கம் கொண்டுபோனாள், அங்கே புகை துள்ளி மேலே பறந்தது. திரும்பி வந்து புறங்கையை எச்சிலால் நனைத்துத் தேங்காய்க்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குளிருது," என்றாள். "இழுக்குது. அல்லாஹ்வே, இது நெருப்பெல்லாம் தின்னுட்டு என்ட தேங்காயில தண்ணியக் கக்குதே."

நாற்பது கட்டுரை படித்தவன் எவனும் எனக்கு அதை அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

ஆனால் என்ன செய்வது என்பதில் நாங்கள் இரண்டு பேரும் அடிபடாத குறை. அவளுக்கு ஓட்டைகளைத் திறக்க வேண்டும். "காத்து வேணுமெண்டா கீழால குடுப்பம்." கச்சான் அடிக்கும்போது அது நடக்காது என்று அவளுக்கே தெரியும். நான் மடிக்கணினியை அவள் குசினி மேசையில் வைத்துக் கணக்கை மாற்றினேன். நிலப் பக்கத்து ஓட்டை ஒன்றை மட்டும் திறந்தேன், காற்று நேரடியாக அடிக்காத பக்கம். நெருப்பு இல்லாத இடத்தில் பரணின் மேல் பக்கத்தை மூடினேன். நெருப்பு நகர நகர மூடியையும் நகர்த்தினேன். கணக்கு ஓடும் வரைக்கும் தாத்தா சோறு போட்டாள், நான் சாப்பிடவில்லை, அதற்கும் ஏசினாள். விடை வந்தது. கீழ்நோக்கிய அம்புகள் செத்துப்போயிருந்தன. காற்று திறந்த ஓட்டையால் உள்ளே வந்து, நெருப்பைத் தொட்டு, நேராக மேலே போனது. ஈரம் கூரைக் கிடுகுகளின் பிளவுகளால் வெளியே போனது.

"சாக்குப் போட்டு மூடணும்," என்றேன். "நெருப்பில்லாத பக்கத்த."

"ஈரத் தேங்காய மூடுறதா? உனக்குப் பைத்தியமா? மூடினாப் புழுங்கும் எண்டு பால்குடிப் புள்ளைக்கும் தெரியும்."

"புழுங்கினாலும் தன்ட தண்ணியிலதான் புழுங்கும். மத்தவன்ட தண்ணி வராது."

இதற்குள் நானா வந்து வாசலில் நின்றார். விசயத்தைக் கேட்டார். சிரித்தார்.

"கம்பியூட்டர் சொன்னா நாளைக்குத் தேங்காயக் கடல்ல காயப் போடுவீங்களா?"

"நானா, நீங்க உங்கட மதிலப் பாருங்க," என்றேன்.

"இந்தச் சூளை பிழையாப் போனா மதிலு தானா வரும்," என்றார். அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

தாத்தா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு பிழையானால் பறிபோவது என்னுடைய பட்டம் இல்லை, அவளுடைய சூளை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் நான் அம்புக்குறிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியை மூடினேன்.

"சணல் சாக்கு பின் அறையில இரிக்கி," என்றாள் தாத்தா கடைசியில். "புகை கீழ போனத நான் என்ட கண்ணால கண்டன். எடுத்திட்டு வா."

சூளை முடிய நாட்கள் எடுக்கும். ஒரு நெருப்பு அணைந்தால் ஆறவிட்டுத் திரும்ப வரிசை வைத்து எரிக்க வேண்டும், நடுவில் தேங்காய்ப் பருப்பைச் சிரட்டையிலிருந்து கழற்றித் திரும்ப ஏற்ற வேண்டும். எனக்கு வகுப்புகள் இருந்தன. புத்தளத்துக்கும் மாம்புரிக்கும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். போகும் ஒவ்வொரு தரமும் தாத்தா சாக்குகளைத் தன் கையாலேயே நகர்த்திக்கொண்டிருந்தாள், அந்த இரண்டு பெண்களையும் தொடவிடவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. "அடியில ஈரமா இரிக்கி" என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள். "இருக்கும். நெருப்பு அங்க போகட்டும்" என்றேன். வகுப்பில் நான் கரும்பலகையில் எதை எழுதினேன் என்று அந்த மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மில்காரர் வரும் நாளில் விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன். நானாவும் வந்திருந்தார், கைப்பேசியைக் காதில் வைத்துக் குடில்காரரோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டு. மில்காரர் வடக்குக் கோடிக் குவியலுக்குத்தான் நேராகப் போனார். போன தரம் அவரை ஏமாற்றிய இடம் அது. ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார்.

டக்.

உடைந்தது. உள்ளே வெள்ளை. இன்னொன்றை எடுத்தார். டக். கையைக் குவியலுக்குள் முழங்கை வரைக்கும் விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார். டக்.

தாத்தா முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் நானா கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு கூடையைக் காலால் இழுத்தார். "அப்ப இது என்ன?"

கூடைக்குள் இருந்த கொப்பரா செருப்பு றப்பர் மாதிரி வளைந்தது. மஞ்சள் பூஞ்சணம். மில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இது எந்த இடத்துத் தேங்காய்?" என்று தாத்தாவிடம் கேட்டேன்.

"மூல," என்றாள் மெதுவாக. "சுவர் மூல."

"அங்க சாக்குப் போட்டீங்களா?"

"போட்டன். தூக்கிப் பார்த்தா ஒரே ஈரம். பயந்திட்டன். அந்த மூலைய மட்டும் திறந்து விட்டுட்டன். உனக்குச் சொன்னா நீ கத்துவ எண்டு சொல்லல்ல."

நான் கத்தினேன். ஆனால் அவள் நினைத்த கத்தல் இல்லை. ஒரே சூளை, ஒரே தேங்காய், ஒரே நெருப்பு. மூடிய இடம் எல்லாம் வெள்ளை, திறந்துவிட்ட ஒரு மூலை மட்டும் பூஞ்சணம். நானே திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமான சோதனை கிடைத்திருக்காது! அந்த நாற்றம் பிடித்த கொப்பராவைக் கையில் தூக்கிப் பிடித்து, "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்று முற்றத்தில் குதித்தேன்.

"பூஞ்சணத்தப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்ன மொத ஆள் இவள்தான்," என்றார் நானா மில்காரரிடம்.

மில்காரர் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு மிச்சத்தை நிறுக்கச் சொன்னார். லொறியில் ஏற்றும்போது, "அடுத்த சூளை எப்ப?" என்று தாத்தாவிடம் கேட்டார். அதைக் கேட்ட நானா சூளைச் சுவரை ஒரு தரம் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்துச் சிங்களத்தில், அந்த இடம் சரிவராது, வேறு இடம் பாருங்கள் என்றார். சந்தோசமாகச் சொல்லவில்லை. மதில் போன கவலை முகத்தில் தெரிந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

லொறி போன பிறகு தாத்தா சூளை வாசலில் குந்தியிருந்து அழுதாள். அழுதுகொண்டே தேங்காய்க்காரனுக்கு அழைப்பெடுத்து, நாளைக்கே காய் இறக்கச் சொன்னாள், போன முறை சின்னக் காயாகத் தந்து ஏமாற்றியதற்கும் அந்த அழுகையோடேயே ஏசினாள்.

நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"தாத்தா, அடுத்த சூளையிலயும் அந்த ஒரு மூலைய மட்டும் மூடாம விடுங்க. நான் வெப்பமானி வைச்சு அளக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கைக்குக் கிட்டக் கிடந்த சிரட்டையை எடுத்தாள். நான் எழுந்து ஓடத் தொடங்கியபோது அது என் முதுகில் வந்து பட்டது.